மாடப் பிறையில் ஒரு வைஃபை

புதுச்சேரிக்குப் போய் வருகிறவர்கள் கடற்கரையைப் பற்றிச் சொல்வார்கள். காந்தி சிலையைப் பற்றிச் சொல்வார்கள். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பற்றிச் சொல்லாமல் இருக்கவே மாட்டார்கள். அந்த ஊர்ச் சுவர்களைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சுவர்களைப் பற்றியது. சுவர்களைப் பற்றியும், அவற்றைத் தாண்டி ஒரு கிழவியின் கட்டிலுக்குப் போய்ச் சேர வேண்டியிருந்த ஒரு பேரனின் முகத்தைப் பற்றியும்.

கிழவி என் பெரியம்மா. எண்பது வயதைத் தாண்டியவள். வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில், பழைய வீடு. தெருவில் நின்று பார்த்தால் வீடு பத்தடி அகலந்தான் இருக்கும் போலத் தோன்றும். உள்ளே நுழைந்தால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். திண்ணை, நடை, கூடம், முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், அப்புறம் பின்கட்டு, சமையலறை, கிணறு, கொல்லை! கீழே இப்படி முழுக்க முழுக்கத் தமிழ் வீடு; மாடிக்கு ஏறினால் வளைவு வைத்த ஜன்னலும் தூண் வரிசையுமாகப் பிரெஞ்சுக்காரன் வீடு. ரங்கப் பிள்ளை வீதியில் இருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லும் அமைப்பு சட்டென்று புரியும். அது மாளிகை, இது வீடு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சுவர்களோ ஒன்றரை அடி கனம். செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பி, மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பு பூசி இழைத்தவை. சித்திரை வெயிலில் உள்ளே போனால் பானைத் தண்ணீரில் இறங்கினாற்போல் இருக்கும். பெரியப்பா இருந்த காலத்தில், "இது கோட்டைடா! பீரங்கி வைத்தாலும் அசையாது" என்று கையால் தட்டிக் காட்டுவார். அவர் சொன்னது வாஸ்தவந்தான். பீரங்கிக் குண்டு போகாத அந்தச் சுவருக்குள் வைஃபையும் போகவில்லை.

பெரியம்மாவின் பேரன் இருப்பது பாரீஸுக்குப் பக்கத்தில். புதுவைக் குடும்பங்களில் இது அதிசயமில்லை. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்டு 16-ல் சட்டப்படியும் கைமாறியது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக் கொண்டவர்களும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேவகம் செய்து 'சொல்தா' என்று பெயர் வாங்கியவர்களும் ஏராளம். ஆகவே அங்கே ஒரு கால், இங்கே ஒரு கால். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இங்கே விளக்கு ஏற்றும்போது, அங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்து ஒன்றரை மணியோ இரண்டரை மணியோ ஆகியிருக்கும். பேரன் அந்த நேரத்தில்தான் கூப்பிடுவான்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து பெரியம்மா அவன் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்த வரையில் தொந்தரவு இல்லை. தெருப்பக்கத்திலிருந்து வரும் கண்ணாடி இழை இணைப்பு கூடத்தில்தான் முடிகிறது, பெட்டியும் அங்கேதான். சென்ற வருஷம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, பெரியம்மா பின்கட்டு அறைக் கட்டிலோடு தங்கும்படி ஆயிற்று. அந்த அறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் ஒன்றல்ல, இரண்டல்ல, மூன்று. போதாததற்கு ஓர் இரும்பு பீரோ. செல்போனைக் கட்டிலருகே கொண்டு போனால், பேரன் முகம் ஒரு விநாடி தெரியும். பிறகு திறந்த வாய் திறந்தபடி நின்றுவிடும்.

"ஏண்டா, இவன் வாயைத் திறந்தபடியே இருக்கானே, பல்லு வலியா?" என்று பெரியம்மா முதல் வாரம் கேட்டாள்.

இரண்டாம் வாரம் கேட்கவில்லை. மூன்றாம் வாரம், "அவனைச் சும்மா கூப்பிடச் சொல்லாதே. பாவம், அவனுக்கு வேலை இருக்கும்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டாள். அன்றைக்குத்தான் என் அண்ணாவும் நானும் இந்த விஷயத்தில் இறங்கியே தீருவது என்று முடிவு செய்தோம்.

சுவரைத் தாண்டிய மணியோசை

சுவரைத் தாண்டி அலை போகும் என்பதை உலகத்துக்குக் கண் முன்னே காட்டிய முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டுக்காரர். 1895-ஆம் வருஷம் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் ஒரு கூட்டத்தின் நடுவே மின்காந்த அலையை எழுப்பினார். அது தடித்த சுவர்களைக் கடந்து, வழியிலிருந்த லெப்டினன்ட் கவர்னரின் உடம்பையும் ஊடுருவிச் சென்று, எழுபத்தைந்து அடிக்கு அப்பால் ஓர் அறையிலே மணியை அடிக்கவும், வெடிமருந்தைப் பற்ற வைக்கவும் செய்தது. கவர்னரையே துளைத்துக் கொண்டு போன அலைக்கு எங்கள் பின்கட்டுச் சுவர் என்ன பிரமாதம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மணி அடிப்பது வேறு, முகம் காட்டுவது வேறு. மணி அடிக்க அலையின் ஒரு துளி போதும். நகரும் முகத்தையும் குரலையும் கொண்டுவர விநாடிக்கு விநாடி ஏராளமான சைகைகள் தவறாமல் வந்து சேர வேண்டும். சுவர் ஒவ்வொன்றும் அலையை அடியோடு நிறுத்திவிடுவதில்லை. சுங்கம் வாங்குகிற மாதிரி பாதியை, முக்காலை எடுத்துக் கொண்டு மிச்சத்தை விடுகிறது. மூன்று சுங்கச் சாவடி தாண்டினால் மூட்டையில் என்ன இருக்கும்?

வைஃபையில் பெரும்பாலும் இரண்டு விதமான அலைகள் புழங்குகின்றன. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், அதன் அலை நீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், உங்கள் கையின் ஒரு சாண் கூட இல்லை. மற்றது 5 கிகாஹெர்ட்ஸ். அலை நீளம் அதில் பாதிக்கும் குறைவு. நீளமானது சுவரைச் சற்று நன்றாகத் தாண்டும், ஆனால் சுமை தூக்காது. குட்டையானது நிறையச் சுமக்கும், ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்து போகும். ஈரச் சுவரானால் இரண்டுக்குமே கஷ்டம். கடற்கரை ஊரின் சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் எப்படி ஊறி நிற்கும் என்பதை அங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரும்பு பீரோவும், பின்னால் ரசம் பூசிய நிலைக்கண்ணாடியும் அலையைத் திருப்பியே அனுப்பிவிடும்.

துபாஷியின் சங்கடம்

அண்ணா முதலில் செய்தது, எல்லோரும் முதலில் செய்வது. கடைக்குப் போய், எட்டுக் கொம்பு முளைத்த ஒரு பெட்டியை வாங்கி வந்தார். பார்ப்பதற்கு ராவணனின் தம்பி மாதிரி இருந்தது. கூடத்தில் முன்பைவிட வேகம் கூடியது. பின்கட்டில் பேரன் வாய் திறந்தபடியேதான் இருந்தான். கொம்பு எத்தனை இருந்தால் என்ன? பெட்டி உரக்கக் கத்தலாம். கட்டிலோரத்துச் செல்போன் பதிலுக்குக் கத்த வேண்டாமா? அதன் குரல் சின்னது. பேச்சு இரண்டு பக்கமும் நடந்தால்தானே பேச்சு!

அடுத்தபடி 'ரிப்பீட்டர்' என்ற சிறிய கருவி. சுவரிலுள்ள பிளக்கில் சொருகிவிட்டால், வருகிற அலையை வாங்கித் திருப்பிச் சொல்லும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதிலே பணத்தைப் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

துய்ப்ளெக்ஸ் துரை காலத்தில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக இருந்தார் அல்லவா? துரை பிரெஞ்சில் சொல்ல, பிள்ளை கேட்டுக் கொண்டு, தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்கிற நேரத்தில் அவரால் பேச முடியாது. பேசுகிற நேரத்தில் கேட்க முடியாது. ஆகவே ஒரு மணி நேரத்துச் சமாசாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். சாதாரண ரிப்பீட்டரின் நிலையும் இதேதான். ஒரே காது, ஒரே வாய், அதிலும் ஒரே அலைவரிசை. வேகம் பாதியாகிவிடும். அந்தத் துபாஷிக்கு அப்பால் இன்னொரு துபாஷியை நிறுத்தினால் மறுபடியும் பாதி. அது மட்டுமா? எங்கள் ரிப்பீட்டர் வேறு ஒரு பெயர் வைத்துக் கொண்டது. கூடத்துக்கு ஒரு பெயர், பின்கட்டுக்கு ஒரு பெயர். நடந்து கொண்டே பேசினால் பேச்சு அறுந்தது.

'மெஷ்' என்று சொல்கிறார்களே, அது இந்தச் சங்கடத்துக்கு ஏற்பட்ட மருந்து. மெஷ் என்றால் வலைக் கண்ணி. இரண்டோ மூன்றோ பெட்டிகளை வீட்டில் வெவ்வேறு இடத்தில் வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். பெட்டிகள் தமக்குள் பேசிக்கொண்டு, எந்த வழியாகச் செய்தியை அனுப்பினால் நல்லது என்று தாமே தீர்மானித்துக் கொள்கின்றன. நல்ல ஜாதிப் பெட்டியானால், தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கென்று தனியாக ஓர் அலைவரிசையே வைத்திருக்கும். துபாஷிக்கு இன்னொரு காதும் இன்னொரு வாயும் முளைத்துவிட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். கடையில் 'மூன்று பேண்ட்' என்று சொல்லி விற்பது அந்த வகையைத்தான்.

சக்கரமும் வலையும்

புதுச்சேரிக்குக் கம்பியில்லாமல் செய்தி கடத்துவது புதுசு இல்லை. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வில்லியனூரை மையமாக வைத்துச் சுற்றுக் கிராமங்களில் அறிவு மையங்களை ஆரம்பித்தார்கள். தொலைபேசி சரியாக எட்டாத கிராமங்களுக்கு ரேடியோ அலை வழியாகச் செய்தி போயிற்று. நெல் விலை, ஆஸ்பத்திரி விவரம், சர்க்கார் உதவித் திட்டம் எல்லாம் வில்லியனூருக்கு வந்து அங்கிருந்து கிளம்பும். வீராம்பட்டினத்து மீனவர்களுக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் நல்லவாடு கிராமத்தில் நடந்ததை அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து வீட்டுக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். அவர் சொன்னதை அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊர் முழுக்கச் சொல்லிற்று. படகுகள் போயின, ஜனங்கள் பிழைத்தார்கள். செய்தி ஒரு வாயிலிருந்து அடுத்த வாய்க்குப் போய்ச் சேரும் வழி எவ்வளவு முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

வில்லியனூர் ஏற்பாடு சக்கரம் மாதிரி. நடுவே குடம், சுற்றிலும் ஆரக்கால்கள். வலை அப்படி அல்ல. வலையாக முதலில் பேர் வாங்கியது வடக்கே இமயமலைச் சரிவிலுள்ள தர்மசாலா. 2005 ஜனவரிக் கடைசியில் இந்திய சர்க்கார் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை வீட்டுக்கு வெளியிலும் லைசென்ஸ் இல்லாமல் உபயோகிக்கலாம் என்று அனுமதித்தது. பிப்ரவரி முடிவதற்குள் அங்கே எட்டு வளாகங்களை மெஷ் முறையில் இணைத்துவிட்டார்கள். மலையும் மேடுமான ஊர். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்று தெரியாது. ஆகவே நேரே போக முடியாத செய்தி பக்கத்துக் கட்டடத்தின் வழியாகச் சுற்றிப் போயிற்று. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி. வீராம்பட்டினத்து வலையில் ஒரு கண்ணி அறுந்தால் மீன் பூராவும் போய்விடுகிறதா என்ன?

இந்த யோசனையின் பூர்வீகம் இன்னும் பழையது. 1970-களில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக்காரர்கள் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே இப்படிச் செய்தி கடத்திப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்தது வெகு தாமதம்: 2016 வாக்கில்தான் குடித்தனக்காரர்கள் கடையில் வாங்கக்கூடிய பெட்டியாக வந்தது. நம் நாட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் பெரும்பகுதியை லைசென்ஸ் இன்றித் தாராளமாக உபயோகிக்க 2018 அக்டோபரில் வழி பிறந்தது.

பெட்டியை எங்கே வைப்பது?

சரி, மூன்று பெட்டி கொண்ட ஒரு மெஷ் வாங்கினோம். வாங்கிய அன்றே நாங்கள் செய்த முட்டாள்தனத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கே வைஃபை இல்லையோ அங்கேதானே பெட்டி வேண்டும் என்று ஒன்றைப் பெரியம்மாவின் கட்டில் தலைமாட்டிலேயே வைத்தோம். செல்போனில் அலை முழுசாகக் காட்டியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். பேரனைக் கூப்பிட்டோம். வாய் திறந்தது, திறந்தபடி நின்றது.

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மின்சார வேலைக்கு வந்த பையனிடம் அண்ணா புலம்பியிருக்கிறார். இருபது வயது இருக்கும் அவனுக்கு. பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "சார், வறண்ட கிணத்துல மோட்டார் வெச்சா தண்ணி வருமா?" என்று கேட்டான். எவ்வளவு பெரிய உண்மை! கட்டிலோரத்துப் பெட்டிக்கும் கூடத்துப் பெட்டிக்கும் நடுவே அதே மூன்று சுவர். செல்போனுக்கும் அந்தப் பெட்டிக்கும் பேச்சு நன்றாக நடந்தது; பெட்டிக்கும் உலகத்துக்கும் பேச்சு நடக்கவில்லை. அலை இல்லாத இடத்தில் பெட்டியை வைக்கக் கூடாது. அலை இன்னும் நன்றாக இருக்கிற கடைசி இடத்தில் வைக்க வேண்டும்.

அந்தக் கடைசி இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? பையன் செல்போனில் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு வீடு முழுவதும் நடந்தான். அதிலே அலையின் பலம் கழித்தல் குறியோடு ஓர் எண்ணாகத் தெரியும். 'டி.பி.எம்.' என்று பெயர். கழித்தல் 50 என்றால் அமோகம். கழித்தல் 67 வரை முகம் பார்த்துப் பேசலாம். கழித்தல் 80-க்குப் போனால் கையெடுத்துக் கும்பிட்டுவிட வேண்டியதுதான். கூடத்தில் 45. முதல் சுவருக்கு இப்பால் 62. பீரோவுக்குப் பின்னால் 84! பையன் முற்றத்துக்கு வந்து நின்றான். எண்ணைப் பார்த்தான். தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தான்.

"சார், சுவர் வழியா ஏன் போறீங்க? முற்றத்து வழியாப் போங்க."

நேயர்களே, எனக்கு அப்போது ஏற்பட்ட வெட்கத்தைச் சொல்லி முடியாது. நம் முன்னோர்கள் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மழைக்கும் வீட்டின் நடுவே வழி விட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பார்க்காமல் ஒன்றரை அடிச் சுவரோடு முட்டிக் கொண்டிருந்தோம். கூடத்திலிருந்து முற்றத்துக்கு அகலமான வாசல். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தாழ்வாரம். தாழ்வாரத்திலேயே பெரியம்மாவின் அறைக் கதவு. மூன்று சுவர் இருந்த வழியில் இப்போது ஒரே ஒரு சுவர், அதிலும் ஒரு கதவு.

கூடத்துப் பெட்டி அதுவரை டெலிவிஷன் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து கிடந்தது. அதை எடுத்து முற்றத்து வாசலுக்கு நேரே, ஆள் உயரத்தில் வைத்தோம். இரண்டாவது பெட்டிக்கு எதிர்த் தாழ்வாரத்தில் இடம் தேடினோம். தூணில் கட்டலாம் என்றால் சாரல் அடிக்கும். சுவரில் ஆணி அடிக்கலாம் என்றால், பழைய சுண்ணாம்புப் பூச்சு பொலபொலவென்று உதிரும். நூறு வருஷத்துச் சுவரில் துளை போட எனக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் அண்ணா கையைக் காட்டினார். அறைக் கதவுக்குப் பக்கத்தில் மாடப் பிறை! பெரியம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தி விளக்கு வைத்த பிறை. மின்சார விளக்கு பெருகிய பிறகு அதில் ஒரு பழைய சாவிக் கொத்தும் வெற்றிலைப் பெட்டியும்தான் இருந்தன.

பிறையின் உள்ளே தள்ளி வைத்தால் மூன்று பக்கமும் சுவர் வந்துவிடுகிறது. பையன் பெட்டியைப் பிறையின் விளிம்புக்கு இழுத்து வைத்தான். எண்ணைப் பார்த்தோம்: கட்டில் மேல் கழித்தல் 58.

மாடிக்கு மட்டும் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை. தேக்குக் கட்டையின் மேல் செங்கல்லைச் சாய்த்து நெருக்கி அடுக்கி, சுண்ணாம்புக் கலவை கொட்டிக் கெட்டித்த மெட்ராஸ் டெரஸ் அது. ஆகவே மூன்றாவது பெட்டிக்குக் கம்பி இழுத்தோம். இதிலே வெட்கப்பட ஒன்றுமில்லை. கம்பி இழுக்க வழியிருக்கிற வீட்டில் பெட்டிகளுக்கு இடையே கம்பி இழுப்பதுதான் உத்தமம் என்பது என் அபிப்பிராயம். துபாஷிகளின் தயவே வேண்டாம். ஈதர்நெட் கம்பி நூறு மீட்டர் வரை களைப்பில்லாமல் ஓடும். எந்த வீடு அவ்வளவு நீளம்? மாடிப்படிக் கைப்பிடியின் கீழாகக் கொண்டு போனோம். சுவரில் ஒரு துளை கூட இல்லை.

உங்கள் வீடு பழைய வீடாக இல்லாமல் புதுக் குடியிருப்பாக இருக்கலாம். இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டும் லேசுப்பட்டதல்ல. ஆனாலும் இரண்டு அறை, மூன்று அறை வீட்டுக்கு மெஷ் வாங்க ஓடுவதற்கு முன், இருக்கிற ஒரே பெட்டியை வாசல் மூலையிலிருந்து வீட்டு நடுவுக்கு நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லை. மீன் தொட்டிக்கும் நிலைக்கண்ணாடிக்கும் பீரோவுக்கும் எட்ட வையுங்கள். அப்படியும் தேறாவிட்டால் இரண்டு பெட்டி. அறைக்கு ஒன்று என்று ஆறேழு வாங்கி அடுக்காதீர்கள். பெட்டிகள் அதிகமானால் ஒன்றின் பேச்சில் இன்னொன்று குறுக்கிட்டு, சந்தைக் கடை ஆகிவிடும்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்காரர் வைத்த பெட்டியும் வைஃபை தருகிறது. நீங்கள் வாங்கிய மெஷ்ஷும் தருகிறது. இரண்டு மாமியார் ஒரு வீட்டில் ஆகாது. கம்பெனிப் பெட்டியின் வைஃபையை அணைத்துவிட்டு, அதை வெறும் பாலமாக மட்டும் இருக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால், மெஷ்ஷை 'அக்சஸ் பாயிண்ட்' முறையில் வைத்துவிடுங்கள். பெட்டியோடு வரும் ஆரம்பக் கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். வருகிற விருந்தாளிகளுக்கென்று தனிப் பெயரில் ஒரு வைஃபை வைக்க இந்தப் பெட்டிகளில் வசதி இருக்கிறது, உபயோகப்படுத்திக் கொள்ளுங்கள். அப்புறம், செல்போன் கூடத்திலிருந்து பின்கட்டுக்கு வந்த பிறகும் கூடத்துப் பெட்டியையே பிடித்துக் கொண்டு தொங்குவது உண்டு. எந்தப் பெட்டியோடு பேசுவது என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது செல்போன்தான். பெட்டி யோசனை சொல்லலாம், அவ்வளவே. செல்போனின் வைஃபையை ஒரு தடவை அணைத்துப் போட்டால் புத்தி வந்துவிடும்.

மின்சாரம் போனால்? 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஊரே இருட்டில் மிதந்தது. பெரும் புயலுக்கு நான் பரிகாரம் சொல்ல முடியாது. ஆனால் அரை மணி, ஒரு மணி மின்வெட்டுக்கு, பன்னிரண்டு வோல்ட் தரும் சிறிய பேட்டரிப் பெட்டி கிடைக்கிறது. ஒன்று வாங்கினால் போதாது என்பதை நாங்கள் அனுபவத்தில் தெரிந்து கொண்டோம். கூடத்துப் பெட்டிக்கு மட்டும் போட்டோம், மின்சாரம் போனது, பிறைப் பெட்டி கண்ணை மூடிக் கொண்டது. இணைப்புப் பெட்டி, முதல் மெஷ், அதற்கு அடுத்தது என்று வழியிலுள்ள ஒவ்வொன்றுக்கும் வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பிறையில் பெட்டியின் சின்ன விளக்கு எரிந்து கொண்டிருந்தது. பெரியம்மா கட்டிலிலிருந்து கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டு, "பிறையிலே விளக்கு வெச்சுட்டியா?" என்று அண்ணாவைக் கேட்டாள். "வெச்சுட்டேம்மா" என்றார் அண்ணா. செல்போனை அவள் கையில் கொடுத்தோம். பேரன் வாயைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். இளைத்துவிட்டாயே என்றாள். முடி வெட்டிக் கொள்ளக் கூடாதா என்றாள். பழைய பழக்கத்தில் அவன் ஒவ்வொரு வார்த்தையையும் உரக்கக் கத்திக் கத்திச் சொல்லிக் கொண்டிருந்தான்.

பெரியம்மா செல்போனைக் கொஞ்சம் எட்டப் பிடித்துக் கொண்டாள்.

"ஏண்டா இந்தக் கத்துக் கத்தறே? இங்கேதானே இருக்கேன்."